வீடு துரையுடையது, வண்டி நம்முடையது

உங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், விறகுக்கும் பழைய மண்வெட்டிக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் கிடக்கிறதா? சீட்டு கிழிந்து, டயரில் காற்றில்லாமல், கோழி முட்டையிடும் இடமாகிப் போன வண்டி? அப்படியொன்று இருந்தால், பழைய இரும்பு வாங்குகிறவர் லாரியோடு வந்து நின்றாலும் அவரைக் கொஞ்சம் காக்க வையுங்கள். ஒரு கோப்பை கோப்பி கொடுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு அவருக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

நாங்கள் ஆறு பேர். எல்லாரும் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற டிரஸ்ஸர். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒருவர் லாரி ஓட்டுகிறார். இரண்டு பேருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒருவர் இன்றும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். கட்சி, சங்கம், சினிமா நடிகர் எதிலும் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. பழைய மோட்டார் சைக்கிள் என்றால் மட்டும் ஆறு பேருக்கும் ஒரே பைத்தியம். எங்கள் வீட்டுப் பெண்கள் இந்தக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் பேர் வேறு. அதை இங்கே அச்சிட முடியாது.

தைப்பிங் ஏரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு திடலில் பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள் என்று செய்தி கிடைத்தது. விடுவோமா? டிரஸ்ஸர் ஐயாவின் பி.எஸ்.ஏ. பேண்டம், ஆசிரியரின் வெஸ்பா, மற்ற இருவரின் ஹோண்டா கப் என நான்கு வண்டிகள் தயாராயின. லாரிக்கார அண்ணன் தன் சின்ன லாரியைக் கொண்டுவந்தார். காரணம், எங்களில் வயதில் இளையவரான தம்பி ஓட்ட முடியாத ஒரு வண்டியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவருடைய அப்பாவின் ஹோண்டா சி-70. ஓடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

தம்பி அதைப் பார்வைக்கு வைக்கக் கொண்டுவரவில்லை. விற்கத்தான் கொண்டுவந்தார். அவர்கள் இருந்த தோட்டம் கைமாறிவிட்டது. லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறது, அதுவும் மூன்றாம் மாடிக்கு. அங்கே ஓடாத வண்டியை எங்கே நிறுத்துவது? முன்பணத்துக்கும் கை கடிக்கிறது. "வித்துடலாம்ணே" என்று தம்பி சொன்னபோது எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவருடைய அம்மா, எழுபதைத் தாண்டியவர், "ஒங்கப்பா வண்டிய நான் இல்லாம விக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு லாரியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

விடிகாலை ஐந்து மணிக்கு, அந்தக் காலத்தில் பிரட்டுக்கு ஓடுகிற நேரத்தில், புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் ஏறவில்லை. பேண்டமுக்கு அந்த வேகம் ஆகாது. பழைய வண்டிக்குப் பழைய சடக்குத்தான் பொருத்தம்.

கோலா கங்சாரில் மரத்தடியில்

கோலா கங்சாரில் வண்டிகளை நிறுத்தினோம். மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களே ஒரு வயதான ரப்பர் மரம், அதைப் பார்க்கத்தான். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதையில் முளைத்த கன்றுகள் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலா கங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையில் மிஞ்சி நிற்பது இந்த ஒரு மரம்.

எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் பால் வெட்டியவர்கள். அவர்களுக்கு மரத்தைப் பார்த்ததும் கை தன்னாலே பட்டையைத் தடவப் போனது. டிரஸ்ஸர் ஐயா சொன்னார்: "இந்த மரம் இல்லேன்னா நாம இங்க இல்ல. ஆனா டயர் இல்லேன்னா இந்த மரத்தையும் ஒரு பய சீந்தியிருக்க மாட்டான்."

அவர் சொன்னது சரித்திரம். 1888இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியர் டன்லப், தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடித்த ரப்பர் டயரை மாட்டி, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதே 1888இல்தான் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு ரிட்லி துரை பொறுப்பேற்றார். மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, ரப்பர் நடுங்கள் என்று காப்பித் தோட்டக்காரர்களை நச்சரித்தவர் அவர். அங்கே டயர், இங்கே மரம். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகப் பெருகக் காடுகள் அழிந்து கித்தாக் காடாயின. அந்தக் கித்தாக் காட்டுக்கு ஆள் வேண்டும் என்றுதான் கங்காணிமார் நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றினார்கள். ஆகவே மோட்டார் சைக்கிளுக்கும் தோட்டத்துத் தமிழனுக்கும் உள்ள உறவு, நாம் முதன்முதலில் அதில் ஏறி உட்கார்ந்த நாளில் தொடங்கியதல்ல. டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்தவன் அந்த டயரின் மேல் ஏறி ஓட்ட ஐம்பது அறுபது ஆண்டுகள் காத்திருந்தான். அதுதான் வேடிக்கை.

அதன்பிறகு பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றம். பேண்டம் இரண்டாவது கியரில் முனகி முனகி ஏறியது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். டிரஸ்ஸர் ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புகையை மட்டும் விட்டுக்கொண்டே போனார்.

திடலில் பார்த்தவை

தைப்பிங்கில் மழை பெய்யாமல் இருந்ததே அன்றைய முதல் அதிசயம். திடல் நிறைய வண்டிகள். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் எல்லாரும் ஒரே பாய்மேல் உட்கார்ந்து பழைய கார்புரேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாசி லெமாக், தே தாரேக். மறுபக்கம் தரையில் கித்தான் விரித்துப் பழைய உதிரிப் பாகங்கள்: விளக்குக் கண்ணாடி, ஹோண்டா இறக்கை முத்திரை, பெட்ரோல் மூடி, செயின் கவர். நாம் குப்பையில் எறிந்த சாமான்களுக்கு அங்கே விலை கேட்டால் தலை சுற்றும்.

வெள்ளைக்கார வண்டிகளை முதலில் சொல்லிவிடுகிறோம். ராணுவப் பச்சை நிறத்தில் ஒரு பி.எஸ்.ஏ. எம்-20 நின்றது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக இந்த ரகத்தில் ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் செய்தார்கள். 500 சி.சி., ஒற்றை சிலிண்டர். வேகமில்லை. ஆனால் மண்ணிலும் சேற்றிலும் சளைக்காது. பி.எஸ்.ஏ. கம்பெனி 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத்தான் தொடங்கியது. அதனால்தான் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்த படம் அதன் முத்திரை.

பேண்டமின் கதை இன்னும் சுவையானது. டிரஸ்ஸர் ஐயா அதைச் சொல்லத் தொடங்கினால் தே தாரேக் ஆறிப்போகும். நாங்கள் சுருக்கித் தருகிறோம். போருக்கு முன் ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. கம்பெனி 125 சி.சி.யில் ஒரு சின்ன வண்டி செய்தது. ஜெர்மனி தோற்றதும் அதன் வரைபடம் வென்றவர்கள் கைக்குப் போயிற்று. 1948இல் பிரிட்டன் அதைப் பேண்டம் என்று வெளியிட்டது. அமெரிக்காவில் ஹார்லி அதையே செய்தது. ரஷ்யாவில் மாஸ்கோ பெயரில் ஒன்று வந்தது. ஜப்பானில் யமஹா 1955இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்துச் செய்ததுதான். அன்று திடலில் பேண்டமுக்குப் பக்கத்தில் ஒரு பழைய யமஹா நின்றது. "பங்காளிங்க ரெண்டும் பக்கத்துல நிக்குது பாரு" என்றார் டிரஸ்ஸர் ஐயா. பேண்டம் 1971இல் நின்றது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. கம்பெனியே தலைசாய்ந்தது.

ராயல் என்பீல்டு கதை இதற்கு நேர்மாறு. 1955இல் சென்னை திருவொற்றியூரில் அதற்கு ஒரு தொழிற்சாலை கட்டத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் மூடிவிட்டார்கள். தாய் வீடு இடிந்து போனது. கட்டிக்கொடுத்த வீட்டில் பிள்ளை தழைத்தது. புல்லட் இன்றும் தமிழ்நாட்டில்தான் தயாராகிறது. அந்த வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத தமிழர் அன்று யாருமில்லை.

ஆனால் தோட்டத்தில் இந்த வெள்ளைக்கார வண்டிகளை ஓட்டியவர்கள் யார்? துரை, சின்னதுரை, கிராணி, டிரஸ்ஸர். பால் வெட்டுகிறவர் அந்தச் சத்தம் கேட்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் சம்பந்தம்.

நம் ஆளுக்கு வந்த வண்டி

அந்த நிலைமையை மாற்றியது ஹோண்டா கப். 1958 ஆகஸ்டில் ஜப்பானில் முதல் சூப்பர் கப் வெளிவந்தது. 49 சி.சி., நாலரைக் குதிரைச் சக்தி. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத மெக்கானிக்கான சோய்ச்சிரோ ஹோண்டா அதைச் செய்தார். அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவா அதை யாருக்கு விற்பது என்று திட்டம் போட்டார். மீ கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் கப்பில் கை கிளட்ச் கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளட்ச் தானாக விடுபடும்.

ஜப்பானிய மீ தட்டுக்காகச் செய்த வசதி, நம் ஆள் பால் வாளியைப் பிடித்துக்கொள்ள உதவியது! மற்றதெல்லாமும் தோட்டத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல அமைந்தது. 17 அங்குலச் சக்கரம், ஆகவே பள்ளத்தில் இறங்கி ஏறும். முழங்காலை மறைக்கும் பிளாஸ்டிக் தகடு, ஆகவே செம்மண் சேறு உடையில் படாது. செயினுக்கு முழு மூடி. பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டியதில்லை. நடுவில் தாழ்ந்த உடல், ஆகவே கைலி கட்டியவரும் சேலை கட்டியவரும் ஏறலாம். தோட்டத்துப் பெண் முதன்முதலில் ஹேண்டிலைப் பிடித்தது பெரும்பாலும் கப்பில்தான்.

ஹைனான் தீவிலிருந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பஸ் கழுவிப் பிழைத்து, பிறகு பெரும் வியாபாரியான லோ பூன் சியூ 1958இல் ஹோண்டாவை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். 1995இல் அவர் காலமாகும்போது நாடெங்கும் கப் ஓடியது. 'கப்'போடு, சின்னப் பொடியன் என்று பொருள்படும் சீனச் சொல் 'சாய்' சேர்ந்து கப்சாய் ஆயிற்று. 2017இல் உலகம் முழுவதும் செய்யப்பட்ட சூப்பர் கப்புகள் 10 கோடியை எட்டின. வேறெந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு செய்யப்படவில்லை.

இந்தக் கணக்குகளையெல்லாம் விட எங்களுக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. லயத்து வீடு நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். வாசலில் நாம் நட்டு, நாம் தண்ணீர் ஊற்றிய முருங்கை மரத்தைக்கூட நம்முடையது என்று சொல்ல முடியாது. மாட்டுக் கொட்டகை போட்டாலும் துரையின் தயவு. அந்த நிலையில், அரசாங்க முத்திரையோடு 'உரிமையாளர்' என்ற இடத்தில் நம் ஆளின் பேர் அச்சாகி வீட்டுக்கு வந்த முதல் காகிதம் எது? பல குடும்பங்களில் அது மோட்டார் சைக்கிள் கிராண்டுதான். கிராணியிடமோ மண்டோரிடமோ ஜாமீன் கையெழுத்துக்குக் கெஞ்சி, மாதாமாதம் தவணை கட்டி, ஓவர்டைம் பார்த்து, சீட்டுப் பிடித்து வாங்கினார்கள். தவணை முடிந்த மாதம் வண்டிக்கு மாலை போட்டுக் கோயிலில் தேங்காய் உடைத்தவர்களை நாங்கள் அறிவோம். ரோட்டெக்ஸ் வெகுகாலம் ஆண்டுக்கு இரண்டு வெள்ளிதான். அந்த இரண்டு வெள்ளிக் காகிதத்தையும் கண்ணாடி போட்டு ஒட்டினார்கள்.

அதற்கு முன்னால் ராத்திரியில் பிரசவ வலி வந்தால், எஸ்டேட் லாரி டிரைவரை எழுப்பி, லாரிக்குத் துரையின் அனுமதி கேட்டு, அதற்குள் பிள்ளை பிறந்துவிடும், அல்லது வேறு ஏதாவது நடந்துவிடும். அஞ்சாங்கட்டைக்கு நடந்து போய்ப் பஸ் பிடித்த பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்! லயத்தில் ஒருவர் வண்டி வாங்கினால் அது லயத்துக்கே வண்டி.

பன்னிரண்டாவது மிதியில்

பதினோரு மணிக்குத் தம்பியின் சி-70 லாரியிலிருந்து இறங்கியது. நீல நிறம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கேரியரின் இரண்டு பக்கமும் பால் வாளி உரசிய தழும்பு. அப்பா அதை வாங்கியது 1973இல். அந்த ஆண்டில்தான் மோட்டார் சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. "வண்டிக்குக் குடுத்த காசு போதாதுன்னு தொப்பிக்கும் குடுத்தாரு" என்றார் அம்மா.

முதலில் டாங்கியைக் காலி செய்தோம். உள்ளே இருந்தது பெட்ரோல் அல்ல, வார்னிஷ். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டின் ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்தினார் லாரிக்கார அண்ணன். பேட்டரி செத்துப் பல காலம். ஆனால் இந்த ஆறு வோல்ட் ஹோண்டாவுக்குப் பேட்டரி இல்லாவிட்டாலும் கவலையில்லை. சக்கரம் சுற்றும் காந்தத்திலிருந்தே பொறி வரும். தடை எங்கே என்றால் பாயிண்டில். மண்டோர் மூடியைக் கழற்றி, பிளைவீலில் இருக்கும் துளை வழியாகப் பார்த்து, மணல் தாளை மடித்து உள்ளே விட்டுப் பாயிண்டைத் தேய்த்தார். பிளக்கை வெளியே வைத்து மிதித்துப் பார்த்தால் நீலப் பொறி! சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு மலாய்ப் பெரியவர், யாரும் கேட்காமலே, தன் வண்டியிலிருந்து ஒரு போத்தல் புதுப் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார்.

மிதித்தோம். பத்து முறை மிதித்தும் ஒன்றுமில்லை. பதினோராவது மிதியில் சைலன்சருக்குள்ளிருந்து மண் கட்டி ஒன்று தெறித்து விழுந்தது. குளவிக் கூடு! பன்னிரண்டாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. புகை மண்டியது. பிறகு அந்தச் சத்தம், தையல் மெஷின் போல டிக் டிக் என்று.

அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. "லயத்துல பதினேழு ஹோண்டா இருந்துச்சு. எல்லாம் ஒரே கம்பெனிதான். ஆனா இவரு வண்டி வர்றது எனக்குத் தெரியும். தெரிஞ்சப்புறம்தான் சோத்த எறக்குவேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வாங்க வந்தவர் வேறு மாநிலத்திலிருந்து வந்த சீனர், நடுத்தர வயது. ஆள் விவரமானவர், கண்ணியமானவரும்கூட. என்ஜின் எண்ணையும் சட்டக எண்ணையும் டார்ச் அடித்துப் படித்தார். எதுவும் மாற்றப்படவில்லை என்றதும் முகம் மலர்ந்தது. ஆறாயிரம் வெள்ளி என்றார். தம்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். அப்போது அவர் கேட்டார்: "கெரான் அடா?"

கிராண்ட் இருந்தது. நான்காக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பிஸ்கட் டின்னில் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அவர் விரித்துப் படித்தார். பேர் யாருடையது? அப்பாவுடையது. அப்பா எங்கே? 1994இல் இறந்துவிட்டார். பேர் மாற்றினீர்களா? இல்லை. அவர் காகிதத்தைப் பழையபடியே மடித்துக் கொடுத்தார். இப்படியே என்றால் ஆயிரத்து ஐந்நூறுதான் தர முடியும், உதிரிப் பாகக் கணக்கில்தான் வாங்க முடியும் என்றார்.

"ஏன், இது கால் வண்டியா?" என்று கேட்டார் அம்மா. அதை மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்தச் சீனரும் சிரித்துவிட்டார். பத்திரம் சரியானதும் தன்னைக் கூப்பிடுங்கள், ஆறாயிரம் ஆறாயிரம்தான் என்று சொல்லிப் போனார். அவர் மேல் எங்களுக்குக் குறையில்லை. இறந்தவர் பேரில் உள்ள வண்டியை வாங்கி அவர் சடக்கில் எப்படி ஓட்டுவார்?

இடையில் ஒரு பரிசளிப்பும் நடந்தது. பளபளவென்று குரோமியம் பூசி, ஒரு கீறல்கூட இல்லாமல் கண்ணாடிப் பொம்மை போல நின்ற வண்டிக்குப் பரிசு. கையில் இருந்திருந்தால் நாங்கள் வேறு வண்டிக்குக் கொடுத்திருப்போம். பால் கறை படிந்த கேரியரைச் சுரண்டி அழகுபடுத்துவது எங்களுக்குச் சம்மதமில்லை. இது எங்கள் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் எழுதலாம்.

காகிதத்தைப் பற்றிச் சில வார்த்தை

திரும்பும் வழியெல்லாம் பேச்சு கிராண்டைப் பற்றித்தான். தம்பி வீட்டுக் கதை ஒரு வீட்டுக் கதையல்ல. அப்பா இறந்தால் சடங்கு செய்கிறோம், படம் மாட்டுகிறோம். பேர் மாற்ற மட்டும் நினைப்பதில்லை. வண்டி தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. இறந்தவர் விட்டுப்போனது நிலம் வீடு இல்லாமல், வண்டி, வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்து மட்டும், அதுவும் ஆறு லட்சம் வெள்ளிக்கு மேற்படாதது என்றால், அமானா ராயாவில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், கிராண்ட், மனைவி மக்கள் இன்னார் என்று காட்டும் பத்திரங்கள் ஆகியவை வேண்டும். அங்கே கிடைக்கும் ஆணையைக் கொண்டுபோய் ஜே.பி.ஜே.யில் பேர் மாற்ற வேண்டும். வாரிசுகள் எல்லாரும் ஒத்துப்போனால் வேலை சுலபம். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். கிராண்டில் உள்ள எண்ணும் என்ஜினில் உள்ள எண்ணும் ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள். பட்டறையில் என்ஜினை மாற்றிப்போட்டு, பதியாமல் விட்ட வண்டிகள் தோட்டத்தில் நிறைய. கிராண்ட் தொலைந்தே போயிருந்தால், வண்டி எண்ணை எழுதிக்கொண்டு ஜே.பி.ஜே. முகப்பில் போய்க் கேளுங்கள். வாய் விட்டுக் கேட்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

தம்பியின் அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. லாரியில் வரும்போதுதான் மெல்லச் சொன்னார். அவருடைய கல்யாணம் 1968இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. ஊரே சாப்பிட்டது. ஆனால் பதிவு கிடையாது. அலுவலகத்தில் போய் நின்றால் "நீ யாரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இத்தனை ஆண்டுகளும் அந்தப் பக்கமே போகவில்லையாம். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. ஆசிரியர்தான் விளக்கினார்: கட்டாயப் பதிவைக் கொண்டுவந்த திருமணச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் 1இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாகவே ஏற்கிறது. பதிவுத் தாள் இல்லை என்பதால் அது செல்லாமல் போகாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பேர் இரண்டும் இருக்கின்றன. கல்யாணத்தைப் பார்த்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அம்மா இரண்டு முறை திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

உங்கள் தோட்டத்திலும் இதே பயத்தோடு காகிதத்தைப் பூட்டி வைத்திருக்கும் பெரியம்மா யாரும் இருந்தால், இந்தப் பகுதியை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

தம்பியின் குடும்பம் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. சி-70 இப்போது டிரஸ்ஸர் ஐயா வீட்டு அஞ்சடியில், பேண்டமுக்குப் பக்கத்தில், கித்தான் போர்த்தி நிற்கிறது. வாரம் ஒருமுறை மிதித்து ஓடவிடுவது அவர் பொறுப்பு. வருகிற செவ்வாய்க்கிழமை தம்பி லீவு போட்டு அம்மாவை அமானா ராயாவுக்கு அழைத்துப் போகிறார். ஆசிரியரும் லாரிக்கார அண்ணனும் துணைக்குப் போகிறார்கள். பேர் மாறிய பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைப் பிள்ளைகள் நால்வரும் கூடிப் பேசிக்கொள்வார்கள். அம்மா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. வண்டிச் சாவியை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். டிரஸ்ஸர் ஐயா வேறு கம்பியை மாட்டித்தான் வண்டியை ஓடவிடுகிறார்.